பதினான்காம் அடிக்குறிப்பு

காலை ஆறு மணி. அப்பா சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு மின்னஞ்சலைத் திறக்கிறார். அவர் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் இந்நேரம் ஆள் எண்ணும் பெரட்டு நடக்கும். மருத்துவ வரலாற்று ஆய்விதழ்களின் கடிதங்களையும் அவர் பெரட்டில் நிற்பதுபோல் நின்றுகொண்டுதான் படிப்பார்.

பெயர் பத்துமலை. வயது எழுபத்தொன்பது. பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகள் டிரசர்; காயம் கட்டுவது, ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவரே. இப்போது ஈப்போவில் என் வீட்டில் இருந்துகொண்டு, தோட்டத்து மலேரியா பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறார். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. நான்காவது இதழ் இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தது. யாரென்று தெரியாத அந்த இருவருக்கும் அப்பா தோட்டத்து மேலாளர்களைப் போலப் பெயர் வைத்துவிட்டார்: பெரிய தொரை, சின்ன தொரை.

"பெரிய தொரை நல்ல மனுசன் லா. ரெண்டு கமாவ மட்டும் மாத்தச் சொன்னாரு. சின்ன தொரைய ஒரு கொசு கடிச்சிருக்காது, பதினேழு கேள்வி கேக்குறான்."

ஆய்வுமுறை தெளிவாக இல்லை என்று சின்ன தொரை எழுதியபோது அப்பாவுக்கு மூக்கு சிவந்தது. "என்னா முறையா? வரிசையில நிக்க வச்சேன். மாத்திரைய வாயில போட்டேன். பேரைச் சத்தமா சொல்லச் சொன்னேன். நாக்கைத் தூக்கிப் பாத்தேன். இதுக்கு மேல என்னா முறை இருக்கு?" இதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னார். நான் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். செய்துகொடுத்தேன். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்கள்.

கட்டுரையின் உயிர் பதினான்காம் அடிக்குறிப்பில் இருக்கிறது. அப்பாவின் பழைய பதிவேட்டின்படி, வாராந்தர மலேரியா மாத்திரையை நூற்றுக்கு நூறு பேர் விழுங்கியிருக்கிறார்கள். போன ஆண்டு அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினார். அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த என் அம்மா துளசி, வெங்காயம் உரித்தபடி சொன்னார்:

"நான் ஒண்ணுகூட முழுங்கல. மேல் ஈறுல ஒட்ட வச்சிக்குவேன். நீங்க நாக்குக்குக் கீழதான பாப்பீங்க? போற வழியில துப்பிருவேன். எங்க லயத்து வீடுங்கள்ல பாதிப் பேரு அப்டித்தான்."

அப்பா இரண்டு நாள் பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அதை அடிக்குறிப்பாக்கினார்: துளசி, நேர்காணல், சமையலறை. அன்றிலிருந்து அம்மா அவருடைய ரத்த அழுத்த மாத்திரைக்குக் காவல் நின்றார். "எங்க, ஆ காட்டுங்க. பேரைச் சொல்லுங்க."

மார்ச் மாதம் அம்மா இறந்தார்.

ஏப்ரலில் சின்ன தொரையின் பதினெட்டாவது கேள்வி வந்தது. பதினான்காம் குறிப்பின் சான்றாளர் ஒப்புதல் கையொப்பம் தரவேண்டும். காலமாகியிருந்தால் அதைக் குறிப்பிட்டு, குடும்பத்தார் ஒருவர் ஒப்புதல் தரலாம். இல்லையேல் குறிப்பை நீக்கவேண்டும்.

அப்பா மூன்று முறை தவணை கேட்டார். மூன்று கடிதத்திலும் ஒரே காரணம்: சான்றாளர் தற்சமயம் வெளியூரில் இருக்கிறார். கருமாதியை முன்நின்று நடத்தியவர் அவர்தான்.

இன்று கடைசி நாள். படிவத்தைத் திறந்து வைத்தேன்.

"அந்தக் குறிப்ப எடுத்துரலாமாப்பா?"

"தாக் பொலே லா, முடியாது. அவள எடுத்துட்டா என் கணக்கு பூராம் பொய்யி."

"அப்ப இந்தக் கட்டத்துல டிக் போடணும்."

நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். 'காலமானவர்' என்ற சொல்லை, எழுத்துப்பிழை தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்தார். "சின்ன தொரைக்கி எல்லாத்தையும் எழுத்துல குடுக்கணும்," என்றார். டிக் போட்டார். கணவர் என்ற இடத்தில் தன் பெயரை ஒரே விரலால் தட்டி, அனுப்பினார்.

பிறகு மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். நான் பார்த்துத் தலையசைத்தேன். அவர் வாயை மூடவில்லை. விரலால் மேலுதட்டையும் தூக்கிக் காட்டினார்.