ராகு காலத்தில் போட்ட லினக்ஸ்

இன்று காலை டத்தோ கிராமாட்டில் என் ஓர்ப்படி மாலதியின் வீட்டில் இருந்தவர்கள்: நான், மாலதி, எங்கள் இருவருக்கும் பொதுவான மாமியார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டது நான்தான். வீடியோ பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். நல்ல நேரம் பார்த்து, பென்டிரைவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆரம்பித்தேன். பழைய கணினிக்கு உயிர் வந்தது. வீட்டுக் கணக்கெல்லாம் அதில்தான் எழுதுகிறேன். சத்தம் மட்டும் வரவில்லை. காலையில் தேவாரம் கேட்கத்தான் முக்கியமாகப் போட்டேன்.

அதே பென்டிரைவை நேற்று மாலதி வாங்கிப் போனாள். இன்று நான் செருப்பைக் கழற்றும்போதே வாசல்வரை தேவாரம் கேட்டது.

"எப்ப போட்ட?"

"நேத்து அஞ்சு மணிக்குக்கா. மாவு அரைச்சு முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஈசி லா!"

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி ராகு காலமாச்சேம்மா!"

"ஐயோ, பாக்கவே இல்லக்கா. ஆனா பாட்டு நல்லா வருதுல்ல?"

மாமியார் தலையாட்டி ரசித்தார். "சின்னவளுக்கு ராசியான கை."

பென்டிரைவ் என்னுடையது. குங்குமம் என்னுடையது. ராசி மட்டும் அவளுடையதாம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாமியார் என் வீட்டுக்கு வருகிறார். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர், வயரும் சரி, மியூட்டிலும் இல்லை. ராகு காலத்தில் மறுபடி போடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

சத்தம் வர என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் வியாழனுக்குள் பதில் போடுங்கள்.