கோதுமை வேகாத சனிக்கிழமை

நாற்பதுகளில், யுத்தம் முடிவதற்கு ஓராண்டு முன்பு, இராஜபாளையத்தில் எங்கள் தேவாலய வளாகத்தில் நடந்தது இது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். சனிக்கிழமைகளில் சபையின் சிறுவர் சங்கத்தையும் நடத்தி வந்தேன்.

அரிசிக்குக் கடும் தட்டுப்பாடு. ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமை கொடுத்தார்கள். அதைச் சமைக்கத் தெரியாமல் பலர் கோழிக்கு இறைத்துவிட்டு, பிள்ளைகளை அரைவயிற்றுக் கஞ்சியோடு படுக்க வைத்தார்கள். சங்கத்தில் பிள்ளைகளே சமைத்துச் சாப்பிடப் பழகினால் வீடுகளும் பழகும் என்று எண்ணினேன். பையன்கள் அடுப்பூதுவதா என்று சபையில் முணுமுணுப்பு எழுந்தது. "ஒரு தடவ பாப்போம். சரிப்படலேன்னா இதோட விட்ருங்க சார்" என்றார் சபை மூப்பர்.

அந்தச் சனிக்கிழமை தாய்மார்களும் வந்திருந்தார்கள். கோதுமையின் சத்தைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, அரிசியைப் போலவே அதைக் கழுவி உலையில் இடச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கொதித்தது. கோதுமை மணி உப்பியதே தவிர, தோல் இளகவில்லை.

ஒரு தாய் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், பல்லு போனா நீங்க கட்டிக் குடுப்பியளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்போது பதினொரு வயதான என் மகன் அருகில் வந்தான். "அப்பா, மிச்சக் கோதுமைய சோளம் மாதிரி தண்ணி தெளிச்சுக் குத்துவமா? தோலு போயிட்டா வெந்துரும்."

"சோளம் குத்துவது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தலை குனிந்தான். எங்கள் வீட்டில் சோளம் நுழைந்ததில்லை. அது நாம் உண்பதல்ல என்று அவனிடம் நானே சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற மில் தொழிலாளி மகள் போட்டு உடைத்தாள்: "எங்க வீட்டுக்கு வந்தா அவந்தான் சார் குத்துவான். குத்திட்டு மூணு தரம் வாங்கித் திம்பான்!"

மறுபடியும் சிரிப்பு. அவன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, குத்து" என்றேன்.

பக்கத்து வீட்டு உரலில் முறை வைத்துக் குத்தினார்கள். சொளகில் புடைத்துத் தவிட்டை நீக்கி, மறுபடி குத்தி நொறுக்கினார்கள். இம்முறை அரை மணியில் வெந்தது. மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து இலையில் வைத்தார்கள். நானும் அன்றுதான் முதன்முதலாக அப்படிச் சாப்பிட்டேன். பல்லைப் பற்றிக் கேட்ட தாய், "ஏலே, இன்னும் எம்புட்டு இருக்கு? கூடக் கொஞ்சம் வையி" என்று என் மகனிடம் இலையை நீட்டினார். மூப்பர் எப்போது திரும்ப வந்து உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அடுப்பு எரிந்தது.

வீடு திரும்பும் வழியில், "கோவமாப்பா?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவன் எனக்கு முன்பாகப் போய்விட்டான். நான் கற்பிக்க முனைந்ததை, என் சொல்லை மீறி அவன் முன்பே கற்றிருந்தான் என்பதே ஓர் ஆசிரியனாக நான் பெற்ற பெரும் பெருமை. அதை அன்று மாலையே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.