அனுசியா போட்ட சூட்டுத் தரை

அனுசியாவுக்கு நடக்க வராது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. வீட்டுக்குள் அவள் தரையில் உட்கார்ந்தபடியே, கைகள் இரண்டையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி முன்னால் வைத்து நகர்ந்து போவாள். நாற்பத்து நான்கு வயதில் அவளுடைய உள்ளங்கைகள் மற்றவர்களுடைய பாதங்களைப் போலக் காய்த்திருந்தன.

இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் அவளுடைய தம்பி குற்றாலீஸ்வரன் வீடு கட்டியபோது, கீழ்த்தளத்தின் பின்பக்கம் அக்காவுக்கென்று ஓர் அறையும், அதை ஒட்டி அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் மேடை வைத்த சின்ன சமையற்கட்டும் போட்டான். மாடியில் இரண்டு அறைகள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அவற்றை வாடகைக்கு விடுவான். மற்ற மாதங்களில் வேன் ஓட்டுவான். அக்கா மீது பாசம் இல்லாதவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது.

வீடு முழுக்கப் பளபளவென்று டைல்ஸ் பதித்தான். அதுதான் அனுசியாவுக்கு வினையாகப் போயிற்று. ஜூன் பிறந்து செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று இறங்கி, சாரல் பிடித்துவிட்டால், அந்தத் தரை வேர்க்கும். எவ்வளவு துடைத்தாலும் காயாது. வாதம் வந்த கால்களில் ரத்த ஓட்டம் குறைவு, ஆனால் உணர்ச்சி குறைவில்லை. குளிர் எலும்புக்குள் இறங்குவது அவளுக்கு நன்றாகத் தெரியும். பாதங்கள் நீலம் பாரித்து, விரல்கள் வீங்கி வெடிக்கும். பாய் விரித்துப் பார்த்தாள். கையை ஊன்றினால் பாய் சுருண்டு கூடவே வந்தது. ஜமுக்காளம் ஈரம் குடித்து நாறியது. கடைசியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கட்டிலிலேயே இருந்தாள். தையல் மெஷின் தரையில் ஒரு பலகை மேல் இருந்தது. கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மதினி, கீழ எறக்கி விடட்டா?" என்று தம்பி மனைவி காளீஸ்வரி கேட்பாள்.

"எறக்கி விட்டா ஒரு மணி நேரம் தாங்க மாட்டேன். பெறவு ஏத்திவிட ஒன்னைத்தான் கூப்பிடணும். இருக்கட்டும்."

மூன்று மாதமும் அவளுக்கு உலகம் ஆறடிக்கு மூன்றடி.

ஒரு ஜூலையில் தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சரிபார்க்க ஜோயல் வந்தான். சுரண்டைக்காரன், முப்பத்தைந்து வயது. போலந்தில் நான்கு வருடம் பிளம்பர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். கட்டிலில் கம்பளிச் சாக்ஸும் வெந்நீர்ப் பையுமாகக் கிடந்தவளைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டறிந்தான்.

"அக்கா, நான் அங்க பாத்த வேலையே இதுதான். தரைக்கு அடியில பைப்ப சுத்துச் சுத்தாப் பரப்பி, அதுக்குள்ள வெந்நி ஓட விடுவாவ. வீடெல்லாம் வெதுவெதுன்னு இருக்கும்."

"கரண்டு தரைக்குள்ள வருமா?"

"வராதுக்கா. வெறும் தண்ணிதான். சமையக்கட்டுல ஒரு கீசரு, சின்னதா ஒரு பம்பு. தண்ணி போயிச் சுத்தி அங்கேயே திரும்பி வரும்."

அனுசியா அன்றைக்கு அவனிடம் இருபது கேள்விகளாவது கேட்டிருப்பாள். மேற்கூரையில் சோலார் வைத்தால் போதாதா என்றாள். சாரல் அடிக்கும்போது வெயிலுக்கு எங்கே போவது என்றான் ஜோயல். பைப் உடைந்தால் என்றாள். தரைக்குள் ஒட்டே வராமல் ஒரே பைப்பாக ஓட்டுவதுதான் இந்த வேலையின் சூட்சுமம் என்று விளக்கினான்.

குற்றாலீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. "குத்தாலத்துல தரைக்குச் சூடு போடுதோம்னு சொன்னா ஊரே சிரிக்கும்க்கா."

"சிரிக்கவன் ஒரு நாளு தரையில தவந்து பாக்கட்டும்," என்றாள்.

தையலில் சேர்த்து வைத்திருந்தது அவளிடம் இருந்தது. அவன் அதற்கு மேல் மறுக்கவில்லை.

பிப்ரவரியில் வேலை தொடங்கியது. அவளைக் கட்டிலோடு ஹாலுக்கு மாற்றினார்கள். பழைய தரையின் மேலேயே போட்டுவிட்டால் சுலபம், நாலு இஞ்ச் உயரும், அவ்வளவுதான் என்றார் ஜோயலுடன் வந்த கொத்தனார்.

"வாசப்படியில அரை இஞ்ச் கூடினாலும் எனக்கு அது செவரு, அண்ணாச்சி. தோண்டிப் போடுங்க," என்றாள் அனுசியா.

தோண்டினார்கள். அடியில் கெட்டியான தெர்மாகோல், அதன்மேல் பாலித்தீன் தாள், அதன்மேல் கம்பிவலை. வலையோடு சேர்த்து வெள்ளைப் பைப்பை அரையடி இடைவெளியில், நத்தை ஓடு மாதிரி உள்ளே சுற்றிப்போய் வெளியே சுற்றி வருகிறபடி கட்டினான் ஜோயல். தண்ணீர் ஏற்றி, அழுத்தம் வைத்து, ஒரு நாள் முழுக்க மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்த்தான். இறங்கவில்லை. அந்த அழுத்தத்தோடேயே மேலே கான்கிரீட் போட்டார்கள். பிறகு நாலு வாரம் யாரும் எதுவும் செய்யக் கூடாது என்றான். அதன் மேல் பதிக்க அவள் வழுக்காத, சொரசொரப்பான டைல்ஸைத் தேர்ந்தெடுத்தாள். கை தேயாத அளவு சொரசொரப்பு.

ஏப்ரல் கடைசி வரை ஹாலில் கட்டிலிலேயே இருந்தாள். டிவி பார்க்க வருகிறவர்கள், அவளைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள், 'கொஞ்சம் காலை எடுங்க' என்று கூட்டுகிற காளீஸ்வரி. சரியாக எண்பது நாள். வெளியே கொளுத்துகிற வெயிலில் தரைக்குச் சூடு போட்டுக்கொண்டு காத்திருக்கிற தன்னை நினைத்து அவளுக்கே சில சமயம் கூச்சமாக இருந்தது.

ஜூன் இரண்டாம் வாரம் சாரல் இறங்கியது. கீசரைப் போட்டு பம்பை ஓடவிட்டாள். மதியத்துக்குள் தரை தெளிந்தது, வேர்வை காய்ந்தது. உள்ளங்கையை ஊன்றினாள். சோறு வடித்த பானையின் பக்கத்தில் கை வைத்தது போல் இருந்தது. அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அங்கிருந்து சமையற்கட்டுக்கு, திரும்ப மெஷினுக்கு என்று காரணமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தாள். பிறகு கால்களை நீட்டி, சேலையை முழங்கால் வரை வழித்துவிட்டு, கெண்டைக்கால் சதை தரையில் படும்படி மல்லாந்து படுத்தாள். அந்த ஜூனில் மட்டும் இருபத்தாறு ஜாக்கெட் தைத்தாள்.

ஜூலை முதல் சனிக்கிழமை, அருவியில் கூட்டம் நெரிந்த நாள், குற்றாலீஸ்வரன் அவள் அறைக்கு வந்தான்.

"அக்கா, சிவகாசியில இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு. அவங்க அப்பாவுக்கு முட்டு ஆபரேஷன் பண்ணியிருக்கு, மாடி ஏற மாட்டாவ. ரெண்டே நாளு. நீ மாடியில இரி."

"இது என் ரூமு."

"ஒன் ரூமுதான். யாரு இல்லன்னா?"

சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கிவிட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் யாராவது அவளைத் தூக்கியிருப்பார்கள். எங்கே இறக்கி வைக்கிறார்களோ அங்கே இருப்பாள்.

மாடி அறையில் பழைய பளபள டைல்ஸ். குளியலறை வாசலில் ஒரு படி. அந்தப் படியைத் தனியாகத் தாண்ட அவளால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் காளீஸ்வரியைக் கூப்பிட வேண்டும். காளீஸ்வரியோ கீழே வந்திருப்பவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள். அனுசியா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். மெஷின் கீழே இருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்க வேண்டிய துணிகளும் அங்கேதான். துணி கொடுத்தவர்கள் போனில் கேட்டபோது, உடம்பு சரியில்லை என்றாள்.

சிவகாசிக்காரர்கள் திங்கட்கிழமை போனார்கள். போகும்போது அந்தத் தரையைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் போனார்கள். சாரலில் நனைந்து வந்தவர்களுக்கு வெதுவெதுப்பான தரை! குற்றாலீஸ்வரனுக்குப் போன் மேல் போன் வந்தது.

"வெள்ளிக்கெழம வரைக்கும்க்கா."

பிறகு ஞாயிறு வரைக்கும். பிறகு அடுத்த புதன். மாடி ஜன்னலிலிருந்து மேகம் மூடிய மலையும், நனைந்து நிற்கிற வேனும் தெரிந்தன. கீழே யாரோ குழந்தைகள் அவள் அறையில் ஓடி விளையாடுகிற சத்தம் கேட்டது. கோபம் வரவில்லை. பெட்டிக்குள் வைத்து மூடியது போல மூச்சுத்தான் முட்டியது. அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே பத்தொன்பது படிகள்.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை. தங்கியிருந்தவர்கள் ஐந்தருவிக்குப் போயிருந்தார்கள். தம்பி வேனோடு தென்காசி ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். காளீஸ்வரி பால் வாங்கப் போகிற சத்தம் கேட்டது. அனுசியா கட்டிலின் காலைப் பிடித்துச் சறுக்கி இறங்கினாள். அறையைக் கடந்து மாடிப்படியின் தலைப்பில் போய் உட்கார்ந்தாள்.

படி வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் இருந்தது. சாரல் அதைத் தொடர்ந்து நனைத்துக்கொண்டிருந்தது. ஓரங்களில் பாசி. நைட்டியை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். கால்கள் இரண்டையும் கையால் எடுத்து அடுத்த படியில் வைத்தாள். கைகளை இருபுறமும் ஊன்றி உடம்பை இறக்கினாள். ஒன்று. மறுபடி கால்கள், மறுபடி உடம்பு. ஏழாவது படியில் திருப்பம். அங்கே கை வழுக்கி இரண்டு படிகள் சறுக்கி விழுந்தாள். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். திரும்ப மேலே ஏற முடியாது. கீழேதான் போயாக வேண்டும். அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது.

கேட்டைத் திறந்து வந்த காளீஸ்வரி பால் பாக்கெட்டைக் கீழே போட்டாள்.

"மதினி! என்ன காரியம் பண்ணுதிய?"

"தொடாத, காளீஸ்வரி."

"விழுந்து மண்டை ஒடஞ்சா?"

"ஒடஞ்சா ஒடயட்டும். தொடாத."

காளீஸ்வரி தொடவில்லை. படியேறி வந்து அவளுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவள் இறங்க இறங்கத் தானும் இறங்கினாள். கடைசிப் படிக்கு வந்ததும் தானாகவே முந்தானையில் முடிந்திருந்த மாற்றுச் சாவியை எடுத்து, பூட்டியிருந்த அறைக் கதவைத் திறந்துவிட்டாள். "ஒங்க தம்பி வந்தா என்னையத்தான் ஏசுவாவ," என்று மட்டும் சொன்னாள்.

அறை முழுக்க, சுவரிலிருந்து சுவர் வரைக்கும், ஈரத் துணிகள் விரித்திருந்தன. துண்டுகள், பேன்ட்டுகள், குழந்தைகளின் ஜட்டிகள். தரைச் சூட்டில் காயப் போட்டிருந்தார்கள். தையல் மெஷின் மேல் ஒரு பெரிய துண்டு. அனுசியா ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்து வாசலோரம் அடுக்கினாள். துணி விலகிய இடமெல்லாம் தரை சூடாக இருந்தது. பிறகு மெஷினைத் துடைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

மதியம் எல்லோரும் வந்தார்கள். தங்கியிருந்த பெண் வாசலில் நின்று அவளையும், உரிந்த முழங்கையையும், மடித்த துணிகளையும் பார்த்தாள். "இது ஒங்க ரூமாக்கா? எங்களுக்குத் தெரியாது," என்றாள். ஒரு மணி நேரத்தில் வேறு லாட்ஜ் தேடிப் போய்விட்டார்கள்.

குற்றாலீஸ்வரன் முகம் சிவந்து நின்றான்.

"நாளைக்கு வரைக்கும்னு வாக்குக் குடுத்திருந்தேன். இப்பிடி அவமானப்படுத்திட்டியே. சீசனு மூணு மாசந்தான். அதுல சம்பாரிச்சாத்தான் எனக்கு வருசம் ஓடும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்லே. மாடிய வாடகைக்கு விடு, ஹால விடு. இத விட மாட்டேன்."

"வீடு யாரு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு. யாரு வீடு?"

அவன் போய்விட்டான். சொல்லாமல் போன அந்த வார்த்தைதான் அவளுக்குள் தங்கிவிட்டது. வீடு அவன் பேரில் இருந்தது. அவள் வாங்கிய பைப் அவன் மண்ணுக்குள், கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தது.

அதன் பிறகு அந்த அறையை அவன் யாருக்காகவும் கேட்கவில்லை. ஒரு மாதம் பேசவும் இல்லை. காளீஸ்வரி மட்டும் வந்து போனாள். பம்பைச் சோதிக்க ஜோயல் வந்தபோது, இதை எடுத்து வேறு இடத்தில் போட முடியுமா என்று கேட்டாள் அனுசியா.

"கீசரு, பம்பு ரெண்டையும் கழட்டிக்கிடலாம்க்கா. தரைய எப்பிடித் தூக்கிட்டுப் போறது?" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். போவதற்கு முன், அவள் கேட்டபடி, கதவின் உள்பக்கம் அவளுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தான்.

ஆகஸ்ட் கடைசியில் கடையத்தில் முத்துசெல்வி வீட்டுப் பால்காய்ப்பு. இருவரும் ஒரே இடத்தில் தையல் படித்தவர்கள். இருபது வருடப் பழக்கம். கட்டாயம் வர வேண்டும் என்று காரையே அனுப்பிவிட்டாள். கார் வாசலில் வந்து நின்றது. அனுசியா குளித்து, புதுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். வெளியே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை. மாடியில் இரண்டு அறைகளும் நிரம்பி, இன்னொரு குடும்பம் கேட்டருகே நின்று தம்பியிடம் அறை கேட்டுக்கொண்டிருந்தது.

"போயிட்டு வாங்க மதினி. நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் காளீஸ்வரி.

அவள் மனதாரத்தான் சொன்னாள். அனுசியாவுக்கும் அது தெரிந்தது. ஆனாலும், சாயங்காலம் திரும்பி வரும்போது யாராவது தன்னைத் தூக்கி வேறெங்காவது இறக்கி வைத்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். இன்னொரு முறை பத்தொன்பது படிகள் இறங்க அவள் கைகளில் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை.

"காய்ச்சலுன்னு சொல்லிரு," என்றாள். முத்துசெல்விக்காகத் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டையும், ஒரு டப்பாவில் அல்வாவையும் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள்.

கார் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அனுசியா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். புதுச்சேலையோடேயே மெஷினுக்கு நகர்ந்தாள். தரை இதமாகத்தான் இருந்தது.