முதலில் என் இடது காது

அலுமாரியின் மேல்தட்டில் பழைய வயர்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது அந்த ஹெட்ஃபோன் கையில் வந்தது. காதில் படும் பஞ்சு உதிர்ந்து விரலெல்லாம் கரிபோல ஒட்டிக்கொண்டது. "உந்தக் குப்பையை எறிஞ்சு போட்டு வாங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று மனைவி குரல் கொடுத்தாள். நான் எறியாமல் அதை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தேன். சூடேறிய றப்பர் மணம். உடனே அதை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தேன். பஞ்சு போய்விட்டது, பயம் மட்டும் பழுதாகாமல் இருக்கிறது பாருங்கள்.

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் வெயிலில் காயும் பஸ்ஸின் இருக்கையிலும் இதே மணம்தான் வரும். அப்படி ஒரு பஸ்ஸில்தான் நான் முதல் வேலைக்குப் போய்வந்தேன். காது கேளாத பிள்ளைகளுக்கான சின்ன நிலையம் அது. கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மென்பொருள்கள் எல்லாம் திறந்த மூலம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். அவற்றில் ஒன்று மிக்சர். வயரால் கணினியில் செருகும் சவுண்ட் கார்ட் என்ற சின்னக் கருவியிலிருந்து எவ்வளவு சத்தம் வெளியே வரலாம் என்பதைத் திரையில் கோடுகளை ஏற்றி இறக்கி ஆளும் செயலி. அதை எழுதியவர் எங்கோ ஒரு குளிர்நாட்டில் இருந்தார். புதிய பதிப்பு வந்தால் நான் ஓட்டிப் பார்த்துப் பிழைகளை எழுதி அனுப்புவேன், அவர் திருத்துவார். முகம் தெரியாத சிநேகம். அம்மா அயலட்டையில் "மோன் மிக்சர் திருத்திறான்" என்று சொல்லிவைக்க, ஒரு மாமி கடலையைக் கொஞ்சம் கூடப் போடச்சொல்லி அறிவுரை அனுப்பியிருந்தார்.

சிரிப்பு அதோடு சரி. தர்சினி வந்த பிறகு அந்த வேலை முழுக்கப் பயம்தான். ஏழெட்டு வயது இருக்கும் அவளுக்கு. கைக்குழந்தையில் வந்த காய்ச்சல் இடது காதை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சத்துக்குத்தான் பயிற்சி. ஹெட்ஃபோனில் மணி, பசு, பஸ் அடிக்கும் கோன் என்று ஒவ்வொன்றாக ஒலிக்கும், அவள் அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்யும் அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிவருவார். முதல் நாளே ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"தம்பி, பெரிய சத்தம் பட்டால் இருக்கிறதும் போயிடும் எண்டு டொக்டர் சொன்னவர். கவனமாப் பாருங்கோ."

"ஓம் ஐயா, நான் பாக்கிறன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகக் கணினிக்கும் ஹெட்ஃபோனுக்கும் இடையில் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி ஒன்று இருந்தது. மிக்சரின் கோடு தாழ நிற்கும்வரைதான் அது சாது. ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: முதலில் என் இடது காது, பிறகுதான் பிள்ளையின் காது. தர்சினியும் அதற்குப் பழகிவிட்டாள். நான் தலையாட்டும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

ஒரு காலை மேசையை இழுத்ததில் சவுண்ட் கார்டின் வயர் கழன்றது. திரும்பச் செருகினேன். திரையில் கோடு பழைய இடத்திலேயே, ஒன்றும் அறியாததுபோலத் தாழ நின்றது. ஹெட்ஃபோனை இடது காதில் வைத்து மணியை அழுத்தினேன்.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. யாரோ பளீரென்று கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. கதிரையோடு சரிந்தேன். நான் பகிடிக்கு விழுந்தேன் என்று நினைத்துத் தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது கூவிக்கொண்டிருந்தது. அப்போதும் நான் பயப்படவில்லை. எழும்பும்போது அவளுடைய வலது காது கண்ணில் பட்டது. சின்னத் தோடு போட்ட காது. அதைப் பார்த்த பிறகுதான் ஹெட்ஃபோனை அவளுக்கு எட்டாத உயரத்தில் தூக்கி வைத்தேன்.

பயிற்சியை நிறுத்திவிட்டுக் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதினேன். வயரைக் கழற்றிச் செருகினால் கார்ட் முழுச் சத்தத்துக்குப் போய்விடுகிறது, திரையோ பழைய அளவைக் காட்டுகிறது என்றேன். தன் கணினியில் அப்படி வரவில்லை என்றார். செருகிய கார்ட் எதுவானாலும் மௌனமாகவே தொடங்கட்டும் என்று கேட்டேன். அப்படிச் செய்தால் சத்தம் வரவில்லை என்று ஊரெல்லாம் திட்டும் என்று பதில் வந்தது. பிறகு உடைந்த ஆங்கிலத்தில் தர்சினியைப் பற்றி எழுதினேன். இலக்கணம் பார்க்கும் நிலையில் நான் இல்லை. அடுத்த பதிப்பு விரைவிலேயே வந்தது. "சோதித்துப் பாருங்கள், ஆனால் யாருடைய காதிலும் வேண்டாம்" என்று கீழே எழுதியிருந்தார்.

ஹெட்ஃபோனை மேசையில் மல்லாக்க வைத்து, மேலே மெல்லிய தாள்துண்டு ஒன்றைப் போட்டோம். நான் வயரைக் கழற்றுவேன், செருகுவேன், மணியை அழுத்துவேன். சத்தம் மிஞ்சினால் தாள் துள்ளும். துள்ளினால் கை உயர்த்துவது தர்சினியின் பொறுப்பு. அழுத்தும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வயர் விஷயம் சரிவந்த பிறகும், கணினியைத் தூங்கவைத்து எழுப்பினால் தாள் துள்ளுவதை அவள்தான் பிடித்தாள். அதையும் அவர் திருத்தினார். கடைசியில் என்ன செய்தாலும் தாள் அசையவில்லை.

தாள் அசையாதது வேறு, காதில் வைப்பது வேறு. அன்று அவளுடைய அப்பாவும் வாசலில் நின்றார்.

"போடுங்கோ தம்பி. நீங்கள் பாத்தால் சரிதானே."

அந்த நம்பிக்கைதான் என்னை இன்னும் கலங்கடித்தது. தர்சினி ஹெட்ஃபோனை எடுத்து வழக்கம்போல என் இடது காதில் வைத்தாள். மணியை ஓடவிட்டுக் கோட்டை மெல்ல ஏற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஏற்றினேன். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல ஏதோ கேட்டது. மிக்சர் பிழையா, என் காது பிழையா? இந்தக் காதை நம்பி அவளுக்குப் போட்டிருந்தால்? கோட்டை அடிவரை இறக்கிவிட்டு ஹெட்ஃபோனை வலது காதுக்கு மாற்றினேன். இனி எனக்கும் அது ஒன்றுதான் என்று அப்போது விளங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். மணி தூரத்தில் இருந்து நடந்து வருவதுபோல மெல்ல மெல்ல வந்தது. தலையாட்டினேன்.

தர்சினி சிரிக்கவில்லை. என் இரண்டு காதுகளையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றித் தானே போட்டுக்கொண்டு மணிப் படத்தைத் தொட்டாள்.

அந்த மிக்சரை இன்று தேடினாலும் கிடைக்காது. குளிர்நாட்டுக்காரரின் அஞ்சல்களும் நின்றுவிட்டன. நிலையம் இருந்த இடத்தில் கதிரை மேசை விற்கிறார்கள். மழைவிட்ட பின்னேரங்களில் எனக்குச் சில்வண்டு ஒரு பக்கம்தான் கத்துகிறது. இடப்பக்கம் வரும் நுளம்பு சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டுப் போகிறது. வலப்பக்கம் வந்து கதையுங்கோ என்று ஆட்களுக்குச் சொல்லிச்சொல்லியே வாய் ஓய்ந்துவிட்டது.

போன மாதம் தர்சினி கலியாணக் கார்ட் தர வந்தாள். நான் சுவரோரம் கிடந்த நீள மரவாங்கில் இருந்தேன். இடப்பக்கம் தாராளமாக இடம் இருந்தது, வலப்பக்கம் சுவர். என் காதைப் பற்றி அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வந்தவள் நேரே போய் எனக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி இருந்தாள். அவளுடைய கேட்கும் காது சுவரைப் பார்த்திருந்தது.

"இஞ்சாலை இருந்தால் உமக்குக் கேக்காதெல்லே பிள்ளை. அங்காலை வாருமன்."

"உங்களுக்குக் கேக்கும்தானே, சேர்" என்றாள். "எனக்கு உங்கடை வாயைப் பாத்தால் போதும்."