பொன்ரியாக்கில் ஐந்து பெண்கள்

போன கிழமை பேத்தி என்னைக் கண் டொக்டரிடம் காட்டிவிட்டு, மொன்றியலில் லாசால் பக்கம் ஒரு மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்தினாள். அவளுடையது மின்சாரத்தில் ஓடுகிற கார். ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்குத் தெரிவதேயில்லை. இறங்கலாமா என்று கேட்டுத்தான் ஒவ்வொரு முறையும் இறங்குவேன். அன்று இறங்கிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு பழைய கார். மெரூன் நிறம். இரட்டைக் கட்டில் மாதிரி நீளம். முன்மூக்கில் சிவப்பு அம்புமுனை. பொன்ரியாக் பரிசியன்.

என்னை அறியாமலே அதன் கதவில் விரல் வைத்துவிட்டேன் போல.

"அம்மம்மா, அது ஆரோ ஒராளின்ர கார். தொடாதேங்கோ, அலாரம் அடிக்கும்."

அந்தக் காருக்கு அலாரமாவது, மண்ணாவது. சொந்தக்காரர் வந்தார், தாடி வைத்த இளம் ஆள். என்னைப் பார்த்துச் சிரித்து, "வடிவாயிருக்கு, என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு ஏறி இயக்கினார். அந்தச் சத்தம், அதோடு வந்த பெற்றோல் வாசம், ஹீட்டர் சூட்டில் பழைய சீற் துணி காய்கிற வாசம். இதே மாதிரி ஒரு காரை நானும் பல வருசம் ஓட்டினேன் என்று சொல்ல வாய் வந்தது. வழமை போல வாய் அங்கேயே நின்றுவிட்டது. அவர் போய்விட்டார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பரிசியனை இவர், அதாவது என் கணவர், பழசாகத்தான் வாங்கினார். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காருள்ள தமிழர் ஒருவரும் இல்லை. வாங்கியது தை மாதக் குளிரில். ஊர் வழக்கப்படி நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்திப் பிறகுதான் எடுக்கவேண்டும் என்றார். காற்றில் கற்பூரம் பற்றவில்லை. அவர் முதுகைக் காட்டி, குளிர்க்கோட்டை விரித்து, நெருப்புப்பெட்டி முழுவதையும் கிழித்து முடிப்பதற்குள் தேசிக்காய்கள் கல்லாக உறைந்துவிட்டன. காரை எடுத்தார். ஒன்றும் நசியவில்லை. சில்லு ஏறப் பார்க்க, காய்கள் பனியில் வழுக்கிக்கொண்டு தெறித்தன. மூன்றைப் பிடித்து வந்து திரும்ப வைத்து நசித்தோம். நாலாவது உருண்டுபோய், கீழ்வீட்டு ஜினெட்டின் சப்பாத்தில் முட்டி நின்றது.

ஜினெட் என் வயதுக்காரி. சிவப்புச் சாயத் தலைமயிர், வாயில் எப்போதும் சிகரெட். அவள் காயை எடுத்துப் பார்த்தாள். "எனக்கா? மெர்சி!" என்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள். திருப்பித் தா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் பிரெஞ்சு காணாது.

"ஒரு சில்லுக்குக் கழிப்புக் கழியேல்லை" என்று இவர் கனநாள் புறுபுறுத்தார். அந்தச் சில்லுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.

ஜினெட்டின் வீடு பொன்ரியாக் வீடு. அவளுடைய தகப்பனும் அதுதான் ஓட்டினாராம். மொன்றியலுக்கு வடக்கே இருந்த தொழிற்சாலையில் புருசன் வேலை செய்தான். அங்கே இதே கொம்பனியின் பறவைப் படம் போட்ட ஓட்டக் கார்கள் செய்தார்கள். எங்கள் காரைக் கண்டதும் அவளுக்கு நாங்கள் சொந்தக்காரர் ஆகிவிட்டோம். பொன்ரியாக் என்பது ஒரு ஆதிக்குடித் தலைவரின் பெயர் என்று அவள்தான் சொன்னாள். அந்தக் காலத்துக் கார்களின் மூக்கில் தலைவரின் தலையே இருந்ததாம். பிறகுதான் அம்புமுனை வந்ததாம். "இங்கிலிஷ்காரனோட சண்டை பிடிச்ச மனுசன். அதாலதான் எங்கட ஆக்களுக்குப் பிடிக்கும்" என்றாள். கையையும் காலையும் ஆட்டி அவள் பிரெஞ்சில் சொன்னதை நான் எங்கள் பாசையில் எழுதுகிறேன். அமெரிக்கக் கார்தான். ஆனால் கனடாவுக்கென்று தனிப் பெயர்கள் வைத்தார்களாம். ஒன்று பரிசியன், பாரிஸ்காரி. இன்னொன்றுக்கு இங்கே வடக்கே இருக்கிற மலைகளின் பெயர். தகப்பனிடம் இருந்தது அந்த மலைக்கார்.

எங்கள் பாரிஸ்காரி என்னவெல்லாம் சுமந்தாள்! அரிசி மூட்டை, கோயில் அன்னதானத்துக் கிடாரம், ஒருமுறை பிள்ளைப்பேற்றுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். அந்த நாளில் வெளிநாட்டு விமானங்கள் மிராபெலில்தான் இறங்கும். வயல் நடுவே, கன தூரத்தில். ஊரிலிருந்து யார் வந்தாலும் இவர்தான் போய் ஏற்றிவருவார். வந்தவர்கள் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு ஏறுவார்கள். முன் சீற் வாங்கு மாதிரி ஒரே நீளம், மூன்று பேர் இருக்கலாம். ஹீட்டரைக் கூட்டிவிட்டு, "இனிப் பயமில்லை" என்பாராம் இவர். இன்றைக்குப் பெரிய வீடு வாசல் என்றிருக்கிற எத்தனையோ பேர் இந்த நாட்டில் முதன்முதல் ஏறிய கார் அது. அதைச் சொன்னால் சிலருக்கு இப்போது ஞாபகம் வருவதில்லை. காருக்கு அதில் கோபமில்லை.

எனக்கு வேலை டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்துச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற சமையற்கூடத்தில். எங்கள் தெருவிலிருந்து ஐந்து பெண்கள் போனோம். விடியமுன் தொடங்குகிற வேலை. அந்த நேரம் மெற்றோ ஓடாது. டாக்சி பிடித்தால் சம்பளம் அதற்கே சரி. இவர்தான் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார்.

அப்படியிருக்க இவருக்குக் கண்ணில் வருத்தம் வந்தது. இனி ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று வந்து காருக்குள் கனநேரம் இருந்தார். பிறகு மேலே வந்து, "வித்துப்போடுவம்" என்றார்.

விற்றால் ஐந்து வீட்டு வேலையும் போகும். அதில் மலரக்காவின் வீடு அவளுடைய சம்பளத்தில் மட்டும் நின்றது. மலரக்கா எங்களுக்குள் மூத்தவள், வாய்க்காரி. சமையற்கூடத்து மேற்பார்வைக்காரர் கொஞ்ச நாள் பகல் வேலை தந்தார். அதற்கு மேல் தன்னால் ஏலாது, மாத முடிவோடு விடியமுன் வரவேண்டும் என்றார்.

"நீ ஓட்டு" என்றாள் மலரக்கா என்னைப் பார்த்து.

"நானோ? எனக்கு ஆக்களோட கதைக்கவே பயம்."

"காரோட கதைக்கச் சொல்லேல்லையடி. ஓட்டச் சொன்னனான்."

எழுத்துப் பரீட்சைக்கு மகள் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லித்தந்தாள். அதில் எப்படியோ தப்பினேன். ஓட்டப் பழக்கியது ஜினெட். இவர் பக்கத்தில் இருந்தால் காலால் தரையை மிதித்து மிதித்து என்னையும் பயப்படுத்துவார் என்று அவரை வீட்டில் விட்டுவிட்டாள். தேவாலயத்துக் கார் நிறுத்துமிடத்தில் பரிசியனைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். அவளுக்குத் தமிழில் ஒரே சொல் தெரியும், "போ!" அதை அவள் சொல்கிற விதத்தில் மாடும் ஓடும்.

முதல் ஓட்டப் பரீட்சை. சோதிக்க வந்தவர் மீசைக்காரர், அமைதியான மனிதர். திருப்பினேன், பின்னுக்கு எடுத்தேன், எல்லாம் சரி. பிறகு நாலு பக்கமும் நில் பலகை போட்ட சந்தி வந்தது. முதலில் வந்து நின்றவர் முதலில் போகவேண்டும். இதுதான் சட்டம், எனக்கும் தெரியும். நான்தான் முதலில் வந்தேன். ஆனால் இடப்பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. பாவம், அவசரமோ என்னவோ என்று கையைக் காட்டினேன். அது போனது. வலப்பக்கம் ஒன்று. அதற்கும் காட்டினேன். எதிரே ஒரு வயதானவர் ஓட்டி வந்தார். வயதானவரை நிற்கவைத்துவிட்டுப் போகலாமா?

"மடாம், இது உங்கட முறை" என்றார் மீசைக்காரர்.

ஓம் என்று தலையாட்டிவிட்டு, கரையில் நின்ற ஒரு பையனுக்காகவும் காத்திருந்தேன். அவன் றோட்டைக் கடக்க வந்தவனில்லை, பஸ்ஸுக்கு நின்றவன். பின்னால் ஹோர்ன் அடித்துத் தள்ளினார்கள். மீசைக்காரர் மெல்லப் பேனையை மூடினார்.

தோற்றுப்போய் வந்து சொன்னபோது மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். மலரக்கா சொல்லவில்லை. "வீட்டிலயும் எல்லாரும் திண்டு முடிஞ்சாப்பிறகுதான் சோத்துக் கோப்பை எடுக்கிறாய். றோட்டிலயும் அப்பிடி நிண்டால் ஆரடி வந்து உனக்குப் பரிமாறுறது?"

எனக்கு அழுகை வந்தது. அவள் சொன்னது உண்மை. சின்ன வயதிலிருந்து ஆண்கள், பிள்ளைகள், விருந்தாளிகள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைப் போட்டுக்கொள்வதுதான் என் பழக்கம். யாரும் அப்படிச் செய் என்று அடித்துச் சொல்லவில்லை. எனக்கும் அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பழக்கம் என் காலில் இருந்து பிரேக்கை மிதிக்கும் என்று யார் கண்டது?

அடுத்த நாள் வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம். ஐந்து பேரும் கொண்டுவந்ததை மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவோம். மலரக்கா எல்லா மூடிகளையும் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டாள். "இவள் முதல் எடுக்குமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது." மற்ற மூன்று பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

"அக்கா, நீங்கள் போடுங்கோ..."

"கதைக்காதை. எடு. எங்களுக்குப் பசிக்குது."

ஒரு கரண்டி சோறு எடுத்தேன். "கறி?" எடுத்தேன். "மீன் துண்டு? நடுத்துண்டை எடடி, வால்துண்டைத் தேடாதை!" வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒவ்வொரு நாளும் அப்படியே நடந்தது. வீட்டிலும் மலரக்காவின் கட்டளைதான். இவர் மேசையில் வந்து இருக்க, நான் முதலில் போட்டுச் சாப்பிட்டேன். இவர் கொஞ்சநேரம் தன் வெறுங்கோப்பையைப் பார்த்தார். பிறகு, "உப்புக் காணுமோ எண்டு சொல்லு" என்றார். அவ்வளவுதான். அவரைப் பற்றி எனக்கு இன்றைக்கும் மனம் நிறைவது இப்படியான சின்ன விசயங்களில்தான்.

பின்னேரங்களில் ஜினெட் என்னை அந்த மாதிரிச் சந்திகளாகப் பார்த்துக் கூட்டிப்போனாள். என் கை மற்றக் காருக்கு வழிகாட்ட எழும்பினால் அதில் ஒரு அடி.

மாதம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது இரண்டாவது பரீட்சை. அதே மீசைக்காரர். அதே மாதிரிச் சந்தி. நான் முதலில் வந்து நின்றேன். வலப்பக்கத்தில் நீளக் கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடிக்குள்ளே மலர்வளையம், பெட்டி. பிரேத வண்டி! பின்னால் ஊர்வலம் ஒன்றுமில்லை, தனி வண்டி. நீங்களே சொல்லுங்கள், உயிரோடு இருப்பவர்களை முந்தப் பழகவே எனக்கு இத்தனை நாள் எடுத்தது. செத்தவரை முந்தச் சொன்னால்?

கை எழும்பியது. ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தேன். மலரக்காவின் வீட்டு வாடகையை நினைத்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஐயா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அக்சிலறேற்றரில் காலை வைத்தேன். பாரிஸ்காரி கப்பல் மாதிரி அசைந்து சந்தியைத் தாண்டினாள்.

"என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார் மீசைக்காரர்.

"ஒன்றுமில்லை, முசியே."

அவர் சிரித்தாரோ என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மீசை மறைத்துவிட்டது. ஆனால் பேனையை மூடவில்லை, எழுதினார். சித்தியடைந்துவிட்டேன், பாஸ்.

"பிரேதம் எதிர்ப்பட்டால் நல்ல சகுனம். அந்தாள் செத்தும் எங்களுக்கு வேலை தந்திட்டுதடி" என்றாள் மலரக்கா. ஜினெட் கீழ்ப்படியில் நின்று "போ! போ!" என்று கத்தினாள். இவர் கீழே போய், துணியை நனைத்து அந்தச் சிவப்பு அம்புமுனையைத் துடைத்தார்.

அதன் பிறகு எத்தனையோ குளிர்காலம் நான் ஓட்டினேன். மாத முடிவு வந்தது, போனது, ஐந்து பேருக்கும் வேலை நின்றது. மலரக்காவின் பிள்ளைகள் படித்து ஆளானார்கள். மிராபெலுக்கும் நானே போய் ஆட்களை ஏற்றிவந்தேன். பெண் ஓட்டுகிறாளே என்று சிலர் பின்சீற்றில் தேவாரம் பாடிக்கொண்டு வந்தார்கள். கடைசியில், தெருவுக்குப் போடுகிற உப்பு பரிசியனின் அடிப்பாகத்தை அரித்துத் தின்றது. இழுவை வண்டி வந்து அதை இழுத்துக்கொண்டு போன அன்று ஜினெட் சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக நின்றாள்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். மிராபெலில் ஆட்கள் இறங்குவது நின்று, அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். பொன்ரியாக் என்ற பெயரில் இனிக் கார் வராது என்று ஜினெட் போனில் சொன்னபோது, வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரித்தான் இரண்டு பேரும் கதைத்தோம். இப்போது ஜினெட்டும் இல்லை, இவரும் இல்லை. மலரக்கா ரொறன்ரோவில் மகனோடு. மற்ற மூன்று பேரும் சொந்தக் கார், சொந்த வீடு என்று சுகமாக இருக்கிறார்கள். நல்ல விசயம். இதற்காகத்தானே அவ்வளவும்.

விடியமுன் ஜன்னலால் பார்த்தால் இப்போதும் எங்கள் தெருவிலிருந்து பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். ஒரு காருக்கு ஒருத்தி. கார்க் கண்ணாடி துடைத்த மாதிரித் தெளிவாக இருக்கிறது. எங்கள் காரில் அப்படியில்லை. ஐந்து பேரின் மூச்சும், கதையும், சிரிப்புமாக டோர்வல் போகும்வரை கண்ணாடி மங்கிக்கொண்டே வரும். பக்கத்தில் இருப்பவள் சால்வைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து எனக்கு வழிகாட்டுவாள்.