ஆரோக்கியமானவர்களின் தட்டு

கண்டியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடத்தில் ரத்தத்தைச் சுழற்றிச் சுழற்றி நுண்ணிய பைகளைப் பிரித்தெடுப்போம். உடம்பிலுள்ள செல்களெல்லாம் அப்படிப் பைகளை ரத்தத்தில் விடுகின்றன. புற்றுநோய்ச் செல்லும் விடுகிறது. கட்டியில் கை வைக்காமல் அந்தப் பைகளைக் கொண்டே நோயைக் கண்டுபிடிக்கலாமா என்பதுதான் ஆராய்ச்சி. இன்னும் முடிந்தபாடில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஆள் போதாமல், ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்துகொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் அக்காவை வரச் சொன்னேன். வெயில் நாளிலும் ஸ்வெட்டரோடுதான் வந்தாள். அவளுக்குக் குளிர் ஆகவே ஆகாது.

"சீக்கிரம் எடு புள்ள, மலைக்குப் போகணும்" என்று கதிரையில் உட்கார்ந்தாள்.

"நோய் வருத்தம் ஏதும் இருக்கா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படிவத்தில் 'இல்லை' என்று குறித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்பில் கட்டி அப்போதே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்க்கணும் என்றதும் எழுந்து ஓடி வந்திருக்கிறாள். எட்டு மாதம் கழித்து, கை வீங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"கட்டியில ஊசி பட்டா அது கெளம்பி ஒடம்பெல்லாம் பரவிரும்டி. லயத்துல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"அப்ப எங்கிட்ட மட்டும் எப்படிக் கைய நீட்டின?" என்று கத்தினேன்.

"அது கையிலதானே. அதுவும் நீதானே குத்துன."

அடுத்த தை பிறக்கும் முன் போய்விட்டாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே எங்கள் பெரிய டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. உறைபெட்டியில் ஆரோக்கியமானவர்களின் தட்டில் இருக்கும் அக்காவின் ரத்தத்தை நோயாளிகளின் தட்டுக்கு மாற்ற வேண்டும், குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றார். நானே போட்டேன். எங்கள் இருவரையும் விட்டால் குடும்பத்தில் வேறு யார்?

உறைபெட்டியைத் திறந்து, தடித்த கையுறையோடு குழாயை எடுத்தேன். பெயர் இல்லை, எண் மட்டும். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. மனம் வரவில்லை. அக்கா, ஒரே ஒரு தடவை உன்னைப் பார்க்கணும் போல இருக்கே!

கையுறையைக் கழற்றி, கொஞ்ச நேரமாவது உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். சூடு பட்டால் கெட்டுவிடும். கீழ்த் தட்டில், மைனஸ் எண்பது டிகிரியில் அவளை வைத்துக் கதவைச் சாத்தினேன்.