தமிழரசி பார்த்து முடிக்காத படம்

தமிழரசி இறந்துபோன செய்தி ஒரு புதன்கிழமை மாலை, பள்ளி விட்டு நான் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. பேசியவர் ஜெனிட்டா சிஸ்டர். தஞ்சாவூரில் நாங்களெல்லாம் டயாலிசிஸ் செய்துகொண்ட மருத்துவமனையின் செவிலியர். "சார், நம்ம தமிழரசி அக்கா போயிட்டாங்க. வீட்லதான். தூக்கத்துலயே" என்றார்.

"இல்ல சிஸ்டர், மத்தியானம்தானே என்கிட்ட பேசினாங்க" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டால் செய்தி பொய்யாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சினார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு அது உறைத்தது.

செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் அந்த நீளமான அறையில் அவரோடு படுத்துக் கிடந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து அவரைப் படிக்க வைத்தார்கள். கணவர் காலமாகி வெகு காலமாயிற்று. ஒரே மகள் கயல். அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது சென்னையை விட்டு ஊருக்கே வந்து, வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு அவரைக் கவனித்தாள். தமிழரசிக்குப் பட்டுப்புடவையிலோ கோயில் குளத்திலோ பெரிய நாட்டம் இருந்ததில்லை. அவருக்குப் பிடித்தது பேய்ப் படம்.

நான் முதல்முதலாக அங்கே போன அன்று, என் உடம்பிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு, பற்களைக் கடித்தபடி படுத்திருந்தேன். இருபது வருடம் இயற்பியல் நடத்தியவன். அந்த எந்திரத்தின் தத்துவத்தை என்னால் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்க முடியும். இருந்தும் அந்தக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"சார் புதுசா? பேய்ப் படமெல்லாம் பாப்பீங்களா?"

பார்ப்பேன் என்றேன். எது ரொம்பப் பயம் என்று கேட்டார். கல்லூரிக் காலத்தில் பார்த்த, ஒரு குழந்தைக்குள் ஆவி புகுந்துகொள்ளும் வெளிநாட்டுப் படம் ஒன்றைச் சொன்னேன். "அட போங்க சார்! புள்ளைய வச்சுப் பயமுறுத்தறது ஒரு தெறமையா? அழுகாச்சி சீரியல்காரங்களும் அதத்தானே செய்யறாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் படத்துக்காக வாதாடத் தொடங்கினேன். எந்திரம் மணியடித்தபோதுதான் நான்கு மணி நேரம் ஓடிவிட்டது தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த அறையில் இந்த வழக்கு ஓயவே இல்லை. எதிர்க்கட்டிலில் பஷீர் பாய். வேதாரண்யத்தில் உப்பு வியாபாரம் செய்தவர், சிகிச்சைக்காகத் தஞ்சாவூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். வாழ்நாளெல்லாம் உப்பை விற்றவனுக்குக் கடைசியில் உப்பில்லாக் கஞ்சி என்று தானே சொல்லிச் சிரிப்பார். அவரைப் பொறுத்தவரை பேய்ப் படம் என்றால் கறுப்பு வெள்ளைப் படம். பனிமூட்டம், வெள்ளைப் புடவை, கொலுசு, தூரத்தில் ஒரு பாட்டு. "அதுல ரத்தம் ஒரு சொட்டு உண்டா தங்கச்சி? ஆனா படம் விட்டு வீட்டுக்குப் போறதுக்குள்ள ஈரக்குல நடுங்கிடும்" என்பார். நான் அறிவியலுக்கு எட்டாத எதையாவது வைத்து எடுத்த படங்களின் பக்கம். தமிழரசி எங்கள் இருவரையும் சேர்த்து மறுப்பார். வீட்டுக்குள் இருக்கும், நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள் ஒருவர் கொஞ்சமே கொஞ்சம் மாறிப்போவதுதான் பயங்கரம் என்பது அவர் கட்சி. "ஊருக்குப் போயிட்டு வந்த புருஷன் எல்லாம் சரியாத்தான் பேசறான். ஆனா நாய் மட்டும் அவன்கிட்ட போகமாட்டேங்குது. இது போதும் சார். மத்ததெல்லாம் மேக்கப் செலவு."

ஒரு சனிக்கிழமை, மிகப் பயங்கரமான படமும் மிகச் சிறந்த படமும் ஒன்றா என்று கேள்வி வந்தது. ஒன்றுதான் என்றேன் நான். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "முதல் தடவ பூனை குறுக்க ஓடினாக்கூட பயந்துடுவோம். ரெண்டாம் தடவ, என்ன வரப்போவுதுன்னு தெரிஞ்சே பாக்கும்போதும் வயித்தக் கலக்குது பாருங்க, அதுதான் நல்ல படம்." வாரத்துக்கு மூன்று முறை, என்ன வரப்போகிறது என்று தெரிந்தே கையை நீட்டுகிறவர்கள் நாங்கள்.

அவருக்குக் கோபமும் வரும். ஒருமுறை அவர் பாதி பார்த்து வைத்திருந்த படத்தின் முடிவைப் பஷீர் பாய் வாய் தவறிச் சொல்லிவிட்டார். தமிழரசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செவ்வாயும் பேச்சில்லை, வியாழனும் பேச்சில்லை. பாய் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி ஜெனிட்டா சிஸ்டர் மூலம் கொடுத்தனுப்பினார், அது திரும்பி வந்தது. சனிக்கிழமை வந்ததும் வராததுமாக, "பாய், நீங்க சொன்ன முடிவு தப்பு. படத்த ஒழுங்காவே பாக்கல நீங்க" என்று ஆரம்பித்தார். பாயின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நீங்களும் பார்த்தீர்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு முற்பகல் மின்சாரம் நின்றுபோனது. அப்படி நின்றால் ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொள்ளும். அன்று எடுக்கவில்லை. எந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கூவத் தொடங்கின. பம்பு நின்றுவிட்டால் வெளியே வந்த ரத்தம் குழாயிலேயே உறைந்துவிடும். கைப்பிடியைப் பொருத்திக் கையால் சுற்றித்தான் அதை உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அறையில் இருந்தது ஜெனிட்டா சிஸ்டரும் ஒரு டெக்னீஷியனும் மட்டும். நான் என் எந்திரத்தின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், இங்க பாருங்க. என்னப் பாருங்க" என்றார் தமிழரசி. "அந்த லாட்ஜ் படத்துல அவ கதவத் தொறந்தாளே, அப்புறம் என்னாச்சு?"

"நீங்கதான் பாத்துட்டீங்களே மேடம்."

"மறந்துபோச்சு. சொல்லுங்க."

சொன்னேன். உள்ளே யாருமில்லை, கட்டில் மட்டும் இருந்தது, அதன் மேல் ஈரத் துண்டு ஒன்று கிடந்தது என்று. "என்ன கலர் துண்டு?" என்றார். யோசித்துச் சொன்னேன். அதற்குள் ஜெனிட்டா சிஸ்டர் தமிழரசியின் கட்டிலுக்கு வந்துவிட்டார். "சிஸ்டர், எனக்கு இப்பதான் ஆரம்பிச்சீங்க. சாருக்குத்தான் ரொம்ப நேரமா ஓடிக்கிட்டு இருக்கு. மொதல்ல அவருக்குச் சுத்துங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். சிஸ்டர் என் எந்திரத்தைச் சுற்ற, டெக்னீஷியன் பாயிடமிருந்து தமிழரசியிடம் ஓடினார். எல்லோருடைய ரத்தமும் எல்லோருக்கும் திரும்பி வந்து சேர்ந்தது. ஜெனரேட்டரும் கடைசியில் உறுமிக்கொண்டு எழுந்தது. கயல் அம்மாவைக் கூட்டிப்போக வந்தபோது, அவர் கையில் கொடுத்த காபி டம்ளர் தளும்பிப் புடவையெல்லாம் சிந்தியதைப் பார்த்தேன். அவர் எதையும் சிந்தி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அதற்கடுத்த ஆண்டு என் மனைவி மீனா எனக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். நான் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். தமிழரசிக்கு இதயம் பலவீனமாக இருந்ததால் அந்த அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. படங்களைப் பற்றித்தான் பேசினார். புதிதாக ஏதாவது பார்த்தால் போன் வரும்.

இறந்த அன்றும் அப்படித்தான் வந்தது. எனக்கு அது ஓய்வுப் பிரிவேளை. எடுத்ததும் அவருக்குப் பின்னால் வயலினும் அலறலுமாக ஒரே இரைச்சல். "சார், உலகத்துலயே பயங்கரமான படம்னு போட்டிருந்தான், நம்பி உக்காந்தேன். ஒரு மணி நேரமா இருட்டக் காட்டிட்டு இப்பதான் பேய விட்டான். எப்படி இருக்கு தெரியுமா? மூஞ்சி பூரா பவுடரு. நம்ம ஜெனிட்டா சிஸ்டர் கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி!" சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. பிறகு, "தூக்கம் வருது சார். முடிவ எழுந்திரிச்சுப் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் கயலிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் மீனாவும் பஷீர் பாயும் ஜெனிட்டா சிஸ்டரும் ஒரே காரில் போனோம். சம்பா நடவு நேரம். பாபநாசம் தாண்டியதும் வண்டிக்கு இருபுறமும் தண்ணீர் கட்டிய வயல்கள். பாய் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

சாப்பாடு முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு கயல் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பாயைப் பார்த்து, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்றாள். அந்தப் படத்தை அம்மாவுக்கு டவுன்லோட் செய்து போட்டுக் கொடுத்தது அவள்தான். முந்தின வாரம் பாய் அவளிடம், "தங்கச்சிக்கு நெஞ்சு பலமில்ல, இந்த மாதிரிப் படமெல்லாம் காட்டாதம்மா" என்று பாதி விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அன்று மழை வருவதுபோல இருக்கவே கயல் துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். அங்கேயே அலுவலகத்திலிருந்து போன். பேசிவிட்டு இறங்கி வந்தபோது படத்தில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா அசையவில்லை.

"டாக்டர் தூக்கத்துலதான்னு சொல்றாரு. எனக்காகச் சொல்றாரோன்னு தோணுது. பயந்துபோய்த்தான் அம்மா... நான் கீழ இருந்திருந்தா..." பாய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இத்தனை நாளாக அதையே நினைத்துக் குமைந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

"கயல், அன்னிக்கு அந்தப் படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அம்மா எனக்குப் போன் பண்ணாங்கம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். அம்மாவின் போனை அவள் அன்றிலிருந்து தொடவே இல்லையாம். எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுத்து, சார்ஜ் போட்டு, என் பெயரைத் தேடி நேரத்தைப் பார்த்தாள். "ஆமா, நான் மேல போனப்புறம்தான்" என்றாள் மெதுவாக. "என்ன சொன்னாங்க?"

சொன்னேன். ஒரு சொல் விடாமல், பவுடரையும் விடாமல்.

"சிரிச்சாங்களா?"

"இருமல் வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க."

"தூக்கம் வருதுன்னா சொன்னாங்க? நிஜமாவா சார்?"

"நிஜமாம்மா. முடிவ எழுந்திரிச்சுப் பாத்துக்கறேன்னு சொல்லி வச்சுட்டாங்க."

பிறகு ஜெனிட்டா சிஸ்டர், "நான் பவுடர் அவ்வளவா பூசறேன்?" என்று கேட்டார். அவர் அதை நிஜமாகவே கேட்டார். கயல் அவரைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையுமாக சிஸ்டரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "கறுப்பு வெள்ளைப் படமா போட்டுக் குடுத்திருந்தா தங்கச்சி தூங்கியிருக்காது" என்றார். அதற்கும் கயல் சிரித்தாள். அன்று சாயங்காலம் அவள் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், தானும் குடித்தாள். பதினாறு நாளில் யாரும் வற்புறுத்தாமல் அவள் தானாகக் குடித்த காபி அதுதான் என்று அவள் சித்தி மீனாவிடம் சொன்னாராம்.

தமிழரசியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எது என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன். உங்களில் யாருக்கும் அது தெரியாது.

எனக்கு அறுவைச் சிகிச்சை நடப்பதற்கு முந்தின மாலை, திருச்சி மருத்துவமனையில் இருந்தபோது அவர் பேசினார். படம் ஏதும் பார்க்கவில்லை போலிருக்கிறது. "பயமா இருக்கா சார்?" என்று நேராகக் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல மேடம்."

"பொய் சொல்லாதீங்க. நம்ம ரெண்டு பேருமா எவ்வளவு படத்தப் பத்திப் பேசியிருக்கோம், உங்க குரல் எனக்குத் தெரியாதா? மீனாகிட்ட சொன்னீங்களா?"

"அவளே அறுத்துக்கப்போறா. அவகிட்ட போய் நான் எப்படிங்க சொல்றது?"

"அவங்க கிட்னியையே குடுக்கறாங்க. நீங்க உங்க பயத்த மட்டும் பூட்டி வச்சிருக்கீங்களா? நல்ல ஆளு சார் நீங்க" என்றார். "போனை வைங்க. போய்ச் சொல்லுங்க."

மீனா அடுத்த அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக நாங்கள் ஒருவருக்கொருவர் தைரியசாலிகளாக நடித்துக்கொண்டிருந்தோம். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மீனா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றேன். "அப்பாடா" என்றாள். "எனக்கும்தான். நீங்க தைரியமா இருக்கீங்களேன்னு நான் வாயத் தொறக்காம இருந்தேன்."

அன்று நாங்கள் இருவரும் நன்றாகத் தூங்கினோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் பயத்தை யாரும் ஒளிப்பதில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில், முடிவுக்காகக் காத்திருக்கும் பெஞ்சில், இருவரில் யாராவது ஒருவர் முதலில் சொல்லிவிடுவோம். போன வாரம் மீனா முந்திக்கொண்டாள்.